வரப்பிலும் ஆற்றங்கரையிலும் பூனையோடு: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

பூனையைக் கூட்டிக்கொண்டு நடைப்பயணம் போவது, ராத்திரி டென்ட் போட்டுத் தங்குவது பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் மலையையும் காட்டையும் மனதில் வைத்து எழுதியவை. கல்லணைக்குக் கிழக்கே நமக்கு மலை கிடையாது. நாம் நடப்பது கொள்ளிடக் கரையில், வெண்ணாற்றுக் கரையில், குடமுருட்டி ஓரத்தில், வாய்க்கால் மேட்டில். தங்குவது தெரிந்தவர் தென்னந்தோப்பிலோ மோட்டார் கொட்டகையை ஒட்டிய களத்திலோ. இங்கே சிறுத்தை பயம் பெரிதாக இல்லை. ஆனால் இது ஆள் இறங்கிப் பாடுபடும் நிலம். பூச்சிமருந்து, எலிக்கிட்டி, கரண்ட் கம்பி, ஊர்நாய், ராவோடு ராவாக ஏறும் தண்ணீர் என்று பூனைக்கு வரும் பெரிய ஆபத்துகள் எல்லாம் இந்த வழியில்தான் வருகின்றன. அதனால் நம் பக்கத்துக்கென்று தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அவசரத்துக்கு. வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குவது, எச்சில் ஒழுகி உடம்பு துடிப்பது, பின்னங்கால் தள்ளாடுவது, சிறுநீர் வராமல் முக்குவது. இந்த நான்கில் எதைப் பார்த்தாலும் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு வண்டியை எடுங்கள். போகிற வழியில் யாராவது படித்துச் சொல்லட்டும்.

ஹார்னஸ் மாட்டியதும் சாய்ந்து படுத்துவிடுகிறது

நோய் ஒன்றும் இல்லை. முதுகில் எதுவோ அழுத்துகிறது என்றால் பூனை உடம்பைத் தளர்த்திப் படுத்துவிடும். தூக்கி நிறுத்தாதீர்கள். ஹார்னஸை, அதாவது நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டையை, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சில நாள் சும்மா போட்டு வையுங்கள். அப்புறம் மாட்டி, உடனே பிடித்ததைக் கொடுத்து, கழற்றிவிடுங்கள். மாட்டியிருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினால் போதும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். அதைவிடத் தளர்ந்திருந்தால், பயந்து பின்னால் இழுக்கும்போது தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். கழுத்துப்பட்டையில் மட்டும் கயிறு கட்டிக் கூட்டிப் போகவே கூடாது. மரத்திலிருந்து குதித்தால் அது சுருக்காக மாறிவிடும்.

வீட்டுக்குள் ஹார்னஸோடு சாதாரணமாகச் சாப்பிட்டுத் தூங்கும் வரை வெளியே கிளம்ப வேண்டாம். இதில் அவசரப்படுவதால் எந்த லாபமும் இல்லை.

வண்டியில் ஓயாமல் கத்துகிறது, வாந்தி எடுக்கிறது

கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுக்கலாம். குட்டியாக இருந்தால் பட்டினி போடாதீர்கள், குட்டியை இந்தப் பயணத்துக்கே கூட்டி வராதீர்கள். கூடையை ஒரு துணியால் மூடினால் வெளியே ஓடுவது தெரியாது, பாதிக் கத்தல் அடங்கிவிடும். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை போகிற தூரத்துக்கே வாந்தி எடுக்கிறது என்றால், தெருமுனை வரை போய்த் திரும்பும் பழக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பைக்கில் போகிறவர்கள் கூடையை இன்ஜினுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அடிப்பக்கம் கொதிக்கும். காரில் மடியில் விட்டு ஓட்டவும் கூடாது. பூனை பிரேக் மிதிக்கடியில் புகுந்துவிட்டால் உங்கள் உயிருக்கும் ஆபத்து.

மனிதர்களுக்கான வாந்தி மாத்திரை, தூக்க மாத்திரை எதுவும் வேண்டாம். பயத்தைக் குறைக்கப் பூனைக்கென்றே மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்து இருக்கிறது. அதையும் ஒரு முறை வீட்டில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பயணத்தில் கொடுக்க வேண்டும்.

வரப்பில் இறக்கியதும் நகர மறுக்கிறது

வயிற்றைத் தரையோடு ஒட்டி, காதைப் பின்னால் மடித்து, கண்ணை அகல விழித்து உட்கார்ந்திருந்தால் அது பயம். இழுக்காதீர்கள். கூடையைத் திறந்தபடி பக்கத்தில் வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். கால்மணி நேரத்தில் மோந்து பார்க்கத் தொடங்கினால் சரி. இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

பயமில்லாமல் வாலை நிமிர்த்திக்கொண்டு, பத்தடிக்கு ஒரு முறை நின்று மோந்து பார்த்துக்கொண்டே வருகிறது என்றால் அதுதான் பூனையின் நடை. நாயைப் போல நம் வேகத்துக்கு அது வராது. கரையோரம் மூன்று கிலோமீட்டர் நடக்க நினைத்தால், அதில் பெரும்பகுதி அது உங்கள் முதுகுப் பையில்தான் வரும். அதற்கேற்ற, காற்றோட்டமான பை வேண்டும்.

பறவையைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்கிறது

பூனைக்குக் குறை ஒன்றும் இல்லை, நீங்கள் தேர்ந்த இடம் தவறு. ஐப்பசி முதல் மாசி வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளால் டெல்டா நிறைந்திருக்கும். வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை மூன்றும் சரணாலயங்கள். 1967-இல் சரணாலயமான கோடியக்கரையில் வெளிமான்களும் பூநாரைகளும் இருக்கின்றன, நரியும் உண்டு. முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் வனத்துறையின் கையில் இருக்கிறது. இங்கெல்லாம் பூனையைக் கூட்டிப் போகாதீர்கள், கூடைக்குள் வைத்தும் வேண்டாம். நம் செல்லத்தின் ஒரு பாய்ச்சலில் சாகும் குருவி ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்ததாக இருக்கும். மற்ற இடங்களிலும் வேட்டை வேகம் வந்துவிட்டால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, பைக்குள் விட்டுவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

வாயைத் திறந்து நாக்கை நீட்டி மூச்சு வாங்குகிறது

நாய் இரைப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இதைச் சாதாரணம் என்று நினைத்துவிடுகிறார்கள். பூனை வாயால் மூச்சு விடுவது சாதாரணம் இல்லை. கடும் பயம், வெயில் தாக்கு, இதய நோய், நுரையீரல் கோளாறு, இவற்றில் ஏதோ ஒன்று. நிழலில் கூடைக்குள் வைத்துச் சில நிமிடத்தில் வாய் மூடினால் பயமாக இருந்திருக்கும். மூடவில்லை என்றால் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, வெயில் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

சாதாரணத் தண்ணீரில் துணியை நனைத்து வயிறு, அக்குள், பாதம், காது எல்லாம் ஈரமாக்கி, விசிறுங்கள். ஐஸ் வேண்டாம், அது தோலுக்கடியில் ரத்தக் குழாயைச் சுருக்கிச் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். பூனையின் இயல்பான உடல் சூடு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கலாம். அதனால் மூச்சு சீரான பிறகும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

டெல்டாவில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்வதால் நிழலில் இருக்கும் பூனைக்கும் இது வரும். பங்குனி பிறந்துவிட்டால் பகல் நடை வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் வெளியே தங்குவதையே விட்டுவிடுங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் பூனையின் பாதத்தாலும் முடியாது. என்னைக் கேட்டால் தை, மாசிதான் நமக்குச் சரியான காலம். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும், காலையில் குளிர்ச்சி இருக்கும், மேட்டூரை வழக்கமாக மூடும் ஜனவரி 28-க்குப் பிறகு ஆறும் அடங்கிவிடும்.

எச்சில் ஒழுகுகிறது, நுரை தள்ளுகிறது, உடம்பு துடிக்கிறது

எனக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியம். நம் வயலில் பூனைக்கு நேரும் மோசமான விபத்துகள் இந்த அறிகுறியில்தான் தொடங்குகின்றன. காரணம் நான்கைந்து இருக்கலாம்.

முதல் சந்தேகம் பூச்சிமருந்து. பூனை மருந்தைக் குடிக்க வேண்டியதில்லை. மருந்து அடித்த வரப்புப் புல்லில் நடந்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து பாதத்தை நக்கினாலே போதும். எச்சில் ஊற்றும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், தசை துடிக்கும், கழிச்சல் போகும், பிறகு வலிப்பு. கையுறை மாட்டிக்கொண்டு, குளியல் சோப்புக் கரைசலால் பாதத்தையும் முடியையும் அலசி, துண்டில் சுற்றி நக்கவிடாமல் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் புகட்டாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த வயலுக்கு அடித்த மருந்தின் பெயரைக் கேட்டு, முடிந்தால் டப்பாவைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முறிவு மருந்து அந்தப் பெயரைப் பொறுத்தது.

இதைத் தடுப்பது ரொம்ப எளிது, யாரிடமாவது கேட்டால் போதும். “அண்ணே, இந்தப் பக்கம் மருந்து அடிச்சிருக்கா?” என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். “கிழக்கால மூணு மா நேத்துதான் அடிச்சது தம்பி, பூனையை மேற்கால கூட்டிட்டுப் போ” என்று கை நீட்டிக் காட்டுவார்கள். தங்கள் நிலத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பூனையோடு வந்தவரிடம் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சம்பா முடிந்து உளுந்தும் பயறும் நிற்கும் மாதங்களிலும் மருந்து அடிப்பார்கள் என்பதால் வயல் காய்ந்துகிடக்கிறதே என்று கேட்காமல் விடாதீர்கள்.

இரண்டாவது எலி மருந்து. துத்தநாக பாஸ்பைடு கலந்த பொரியோ கருவாட்டுத் துண்டோ வளை ஓரத்தில் கிடக்கும். தின்ற பூனை சில மணி நேரத்தில் சுருண்டுவிடும், வாயில் பூண்டு வாடை அடிக்கலாம். செத்த எலியைத் தின்றாலும் விஷம் ஏறலாம். கேக் வடிவில் விற்கும் எலி மருந்து வேறு மாதிரி. தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்து, மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வரும். பயணம் போய் வந்த வாரத்தில் பூனை சோர்ந்தால் இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது தேரை. மழைக்காலத்தில் டார்ச் வெளிச்சத்தில் தாவுவதைக் கவ்விவிடும். தேரையின் தோலில் இருக்கும் நஞ்சால் உடனே நுரை தள்ளும், பூனை வாயைத் தேய்த்துக்கொண்டு தலையை உதறும். ஈரத் துணியால் ஈறு, நாக்கு எல்லாம் துடைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தடுமாற்றமோ துடிப்போ சேர்ந்தால் மருத்துவர்.

நான்காவது செடி. கண்வலிக்கிழங்கு என்று நாம் சொல்லும் செங்காந்தள் வேலியில் தானாகப் படர்ந்திருக்கும். வேதாரண்யம் பக்கத்து மணல் நிலத்தில் பயிராகவே போடுகிறார்கள். நம் மாநில மலர், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் முழுச் செடியும் விஷம், கிழங்கு கொடிய விஷம். வாந்தியும் ரத்தக் கழிச்சலும் வரும். அரளியும் அப்படித்தான், அது இதயத்தைத் தாக்கும். பூனை மென்ற இலையை ஒரு தாளில் மடித்து எடுத்துப் போங்கள்.

பின்னங்கால் தள்ளாடுகிறது, அல்லது முகமோ காலோ திடீரென வீங்கியிருக்கிறது

பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று மருத்துவர் சொல்லட்டும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் நரம்பு தளரும். பின்னங்கால் தள்ளாடும், கண்மணி விரியும், மூச்சு மேலோட்டமாகும். கட்டுவிரியன் கடியில் காயமே தெரியாது, வீக்கமும் இருக்காது. கண்ணாடி விரியன் கடித்த இடம் வீங்கி, ரத்தம் கசியும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், கழுவிக்கொண்டு நிற்காதீர்கள். கூடையில் அசையாமல் வைத்துக் கிளம்பிவிடுங்கள். பாம்பைத் தேடிப் போக வேண்டாம்.

போகிற வழியிலேயே போன் செய்து, பூனைக்குப் போட விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் இருக்காது. ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தஞ்சை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கத்தில் தங்குகிறவர்கள் அதன் சிகிச்சைப் பிரிவின் எண்ணையும், கிட்டத்தில் உள்ள தனியார் மருத்துவர் எண்ணையும் கிளம்பும் முன்பே போனில் ஏற்றிவிடுங்கள். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் பெரும்பாலும் ஆடு மாட்டுக்காகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் ஆளில்லாத இடத்தில் வழி கேட்கவாவது உதவும்.

பின்னங்கால் இரண்டும் ஒரேயடியாக விழுந்து, பாதம் சில்லிட்டு, வலியில் அலறினால் அது இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டாகவும் இருக்கலாம். அதற்கும் இதே வேகம்தான்.

நொண்டுகிறது

பாதத்தை விரித்துப் பாருங்கள். நெருஞ்சி, சீமைக்கருவேல முள், அறுத்த நெல்தாளின் கட்டை குத்தியது, இவைதான் வழக்கம். ஒரு சின்ன இடுக்கியால் முள் ஏறிய திசையிலேயே வெளியே இழுங்கள். உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். டெட்டால் போன்றவை வேண்டாம். பூனை நக்கிவிடும், அதற்கு அது நஞ்சு.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

கால் நசுங்கியோ கழுத்தில் கோடு போல் காயமோ இருந்தால் கிட்டியாக இருக்கலாம். தஞ்சாவூர் கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்து எலி பிடிக்கச் செய்வது. சாயங்காலம் வயல் முழுக்க நட்டுவிட்டு விடிகாலையில் எடுப்பார்கள். இரைக்காகத் தலையை நீட்டும் பூனையும் மாட்டும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு, கிட்டி நட்ட வயலுக்குள் பூனையை இறக்கவே கூடாது. எலிக்கும் பன்றிக்கும் கரண்ட் கம்பி இழுப்பது சட்டப்படி குற்றம் என்றாலும் இன்னும் சிலர் செய்கிறார்கள். கம்பியைப் பார்த்தால் பூனையை மட்டுமல்ல, உங்களையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடவில்லை, தண்ணீர் தொடவில்லை, சிறுநீர் போகவில்லை

புது இடத்தில் ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பது சகஜம். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்புங்கள். பட்டினி நீண்டால், அதிலும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். வீட்டுத் தட்டையும் வீட்டில் தின்னும் அதே சாப்பாட்டையும் கொண்டு போங்கள். மீன் வேகவைத்த தண்ணீரை உப்பில்லாமல் ஊற்றி வைத்தால் தண்ணீர் உள்ளே போகும். பால் வேண்டாம், வயிற்றால் போகும். கருவாட்டில் உப்பு அதிகம். கெளுத்தியைக் கொடுப்பதானால் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

சிறுநீர் விஷயத்தில் பெரும்பாலும் சிக்கல் அது கழிக்கும் மண் தட்டில் இருக்கும். வீட்டில் பயன்படுத்திய மண்ணில் ஒரு கைப்பிடி கொண்டு வந்து, மேலே காய்ந்த ஆற்று மணலைப் போட்டு, டென்டுக்குள் ஒரு மூலையில் வைத்தால் போய்விடும். ஆனால் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, கத்துகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால், அதுவும் ஆண் பூனை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைப்பு ஒன்றிரண்டு நாளில் உயிரை எடுத்துவிடும்.

ராத்திரி முழுக்க டென்டைப் பிராண்டுகிறது

அந்தியும் விடியலும் பூனை விழித்திருக்கும் நேரம். பொழுது சாயும்போது நன்றாக ஓடி விளையாட வைத்து, அதன்பின் வயிறு நிறையக் கொடுங்கள். தூங்கப் போகும்போது கூடைக்குள் உங்கள் பழைய துண்டோடு விட்டு மூடிவிடுங்கள். கொசுவலைத் துணியைக் கிழிக்க அதற்கு ஐந்து நிமிடம் போதும், ஜிப்பையும் மூக்கால் தள்ளித் திறந்துவிடும். ராத்திரி ஹார்னஸோடு வெளியே மரத்தில் கட்டி வைப்பது கூடவே கூடாது.

டென்ட் போடும் இடத்தைப் பொறுத்தும் இந்தத் தொல்லை கூடும் குறையும். வைக்கோல் போர், மட்டைக் குவியல் பக்கத்தில் எலி ஓடும், எலி இருந்தால் பாம்பும் வரும், பூனை தூங்காது. மணல் திட்டு சொகுசாகத் தோன்றும், ஆனால் ஆற்றுக்குள் எங்கேயும் டென்ட் வேண்டாம். காவிரியில் வரும் உபரி நீரை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லாதபோதும் ஆறு ஏறும். கரைக்கு வெளியே, மேடான களத்தில், நிலத்துக்காரர் அனுமதியோடு தங்குங்கள்.

நாய் வந்துவிட்டது

பூனையைக் கையில் தூக்காதீர்கள், உங்கள் முகத்தைக் கிழித்துக்கொண்டு ஓடும். முதுகுப் பையைத் திறந்து அதற்குள் விடுங்கள், மூடுங்கள், நாய்க்கு முதுகு காட்டாமல் மெதுவாக நகருங்கள். அதனால்தான் நடக்கும்போது பையின் வாய் எப்போதும் சட்டென்று திறக்கும்படி இருக்க வேண்டும். பூனைக்கு ரேபிஸ் ஊசியும் மற்ற தடுப்பூசியும் போடாமல் வெளியே கூட்டி வருவது சரியே இல்லை. கடியோ கீறலோ உங்களுக்குப் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காணவில்லை

பயந்து ஓடிய வீட்டுப் பூனை பெரும்பாலும் தூரம் போகாது. கிட்டத்தில் எங்கேயாவது ஒடுங்கி, நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் ஊர் முழுக்க ஓடாமல், விட்ட இடத்திலிருந்து வட்டமாகத் தேடுங்கள். மதகுக் குழாய், வைக்கோல் போரின் அடி, மோட்டார் கொட்டகைப் பரண், தென்னை மட்டைக் குவியல், நாணல் புதர், மரத்தின் மேல் கவட்டை. கையை உள்ளே விடும் முன் டார்ச் அடியுங்கள். ராத்திரி டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடித்துச் சுழற்றினால் கண் பளிச்சென்று பச்சையாக மின்னும்.

கூடையையும் நீங்கள் உடுத்திய துணியையும் டென்ட் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கூட்டம் சேர்க்காமல் ஒருவர் மட்டும் அங்கே இருங்கள். நள்ளிரவிலும் விடிகாலையிலும், சத்தம் அடங்கியபோது, சாப்பாட்டு டப்பாவைத் தட்டிக் கூப்பிடுங்கள். டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் படத்தைக் காட்டி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். விடியும் முன்னே வயலுக்குப் போகிறவர் கண்ணில்தான் அது முதலில் படும். சில நாள் கழித்துக் கிடைத்த பூனைகள் உண்டு, ஒரே நாளில் கைவிட்டுவிடாதீர்கள். ஹார்னஸில் போன் எண் எழுதிய தகடு இருந்தால் தேடுவது பாதி முடிந்த மாதிரி.

வீடு திரும்பியபின் சொறிந்துகொண்டே இருக்கிறது

காதுக்குள், தாடைக்கடியில், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தோலுக்கு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் தடவாதீர்கள். கறுப்பு மிளகுத் தூள் போல முடிக்கடியில் இருந்தால் தெள்ளுப்பூச்சி. மருந்துக் கடையில் நாய்க்கு விற்கும் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். பூனைக்கென்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்து, எடைக்கு ஏற்றதை வாங்குங்கள். முடிந்தால் பயணத்துக்குச் சில நாள் முன்பே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.